வாரண்டி இல்லைன்னா அதை எழுதிக் குடுங்க

“மேடம், சாரை ஒரு தடவை பேசச் சொல்லுங்களேன்.”

இந்த ஒரு வரிக்கு வந்த கோவம் எனக்கு இன்னும் முழுசா இறங்கல.

கார் என் பேர்ல இருக்கு. டியூ என் சம்பளத்துல போகுது. தினமும் திருச்சிலேர்ந்து புதுக்கோட்டைக்கு ஓட்டிட்டுப் போறதும் நான்தான். காலைல எவ்ளோ நேரம் சுத்தி ஸ்டார்ட் ஆச்சு, கீரனூர் கிட்ட எந்த எடத்துல இழுவை போச்சு, டேஷ்போர்டுல எந்த லைட்டு எரிஞ்சுது, எல்லாம் பாத்த ஆளு நான். எங்க வீட்டுக்காரர் கார் ஓட்டவே மாட்டாரு, அவருக்கு பைக்தான். ஆனா 2.4 லட்ச ரூபா எஸ்டிமேட்டை நீட்டி, “இது வாரண்டில வராது”ன்னு சொல்ற நேரத்துல சர்வீஸ் மேனேஜருக்கு “சார்” தேவைப்பட்டாரு.

சார் பேசல. நான்தான் பேசினேன். கடைசில பம்ப், ஃப்யூயல் ரயில், இன்ஜெக்டர் எல்லாத்தையும் காசு வாங்காம மாத்திக் குடுத்தாங்க.

அது எப்படி நடந்துச்சுன்னு விலாவாரியா எழுதணும்னு தோணுச்சு. ஆபீஸ்ல, சொந்தத்துல, அக்கம்பக்கத்துல யாரைக் கேட்டாலும் ஒரு வாரண்டிக் கதை வச்சிருக்காங்க. முக்காவாசிக் கதை “சரின்னு காசக் கட்டி எடுத்துட்டு வந்துட்டேன்”னுதான் முடியுது. எனக்கு அது தாங்கல.

(டீலர் பேரு, கார் பேரு எதுவும் போடல. விஷயத்துல ஒரு பகுதி இன்னும் கன்ஸ்யூமர் கமிஷன்ல இருக்கு. அங்க முடியட்டும்.)

கதைக்கு வரேன். டீசல் கார். 3 வருஷம் இல்லேன்னா 1 லட்சம் கி.மீ., எது முன்னாடி வருதோ அதுவரைக்கும் வாரண்டி. எனக்கு ரெண்டுமே முடியல. எல்லா சர்வீஸும் வாங்கின டீலர்கிட்டயேதான், தேதி தவறாம.

கொஞ்ச மாசமா காலைல ஸ்டார்ட் ஆக நேரம் எடுத்துச்சு. சாவியத் திருப்பினா “கிர்ர்ர்”னு சுத்திக்கிட்டே இருக்கும், அப்புறம்தான் பிடிக்கும். சூடா இருக்கும்போது பிரச்சினை இல்ல. சர்வீஸுக்கு விட்டப்ப அட்வைசர் தம்பிகிட்ட சொன்னேன். அதோட விடாம, காலைல ஸ்டார்ட் ஆகறத வீடியோ எடுத்து அவன் வாட்ஸாப்புக்கே அனுப்பினேன். “செக் பண்ணிடலாம் மேடம்”னு பதில் போட்டான். சாயந்திரம் வண்டி வந்துச்சு. பில்லுல ஃப்யூயல் சிஸ்டம் கிளீனர்னு ஒரு ஐட்டம் ஏறியிருந்துச்சு. ஜாப் கார்டுல நான் சொன்ன கம்ப்ளெய்ண்ட் இருக்க வேண்டிய எடத்துல “ஜெனரல் செக்கப்”னு மட்டும் இருந்துச்சு.

அந்த வாட்ஸாப் வீடியோதான் பின்னாடி என்னைக் காப்பாத்துச்சு.

அப்புறம் ஒரு நாள் கீரனூர் கிட்ட வண்டி திடீர்னு மூச்சு வாங்குச்சு. ஆக்சிலரேட்டர மிதிச்சா ஏறல. இன்ஜின் லைட்டு எரிஞ்சுது. பின்னாடி வந்த பஸ்ஸு ஹாரன் அடிச்சுட்டே ஒதுங்கிப் போச்சு. ஓரங்கட்டி நிறுத்தினேன், திரும்ப ஸ்டார்ட் ஆகல. ரோடுசைடு அசிஸ்டன்ஸுக்குப் போன் போட்டு, டோ வண்டில ஏத்தி, ஷோரூம் போய்ச் சேந்துச்சு.

அங்கேர்ந்து வந்த போன்: “ஹை பிரஷர் பம்ப் போயிருச்சு மேடம். அதுலேர்ந்து மெட்டல் தூள் ரயில், இன்ஜெக்டர் எல்லாத்துக்கும் போயிருச்சு. அடல்ட்ரேஷன். கலப்பட டீசல். வாரண்டி ரிஜெக்ட்.”

பம்ப் போனதும் உண்மை, தூள் போனதும் உண்மை. அதுல எனக்குச் சண்டையே இல்ல. மூணாவதுக்கு என்ன ஆதாரம்?

நேர்ல போய்க் கேட்டேன். ஒரு தண்ணி பாட்டில்ல டீசல் வச்சிருந்தாங்க. ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில், பேர் ஒட்டின லேபிள் பாதி கிழிஞ்சிருந்துச்சு. மூடியில சீல் இல்ல. மேல வண்டி நம்பர் இல்ல, தேதி இல்ல, எடுத்தவங்க கையெழுத்து இல்ல. அடியில கறுப்பா கொஞ்சம் படிஞ்சிருந்துச்சு.

“எந்த லேப்ல டெஸ்ட் பண்ணீங்க?”

“பாத்தாலே தெரியுது மேடம்.”

“டேங்க்லேர்ந்து எடுத்ததா, ஃபில்டர்லேர்ந்து எடுத்ததா?”

மேனேஜர் அட்வைசரப் பாத்தாரு. அட்வைசர் மெக்கானிக்கப் பாத்தான். அப்பதான் அந்த “சாரைப் பேசச் சொல்லுங்க” வந்துச்சு.

நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு. “சரி, வாரண்டி கிடையாதுன்னு காரணத்தோட எழுதிக் குடுங்க. இந்தப் பார்ட் இந்தக் காரணத்தால போச்சு, அதுக்கு ஆதாரம் இந்த டெஸ்ட் ரிப்போர்ட், வாரண்டி புக்ல இந்த கண்டிஷன் படி மறுக்கறோம்னு போட்டு, கையெழுத்து, சீல்.”

“அப்படிக் குடுக்கற மாதிரி சிஸ்டத்துல இல்ல மேடம்.”

வாயால மறுக்கறதுக்கு சிஸ்டத்துல எடம் இருக்கு, பேப்பர்ல மறுக்கறதுக்கு இல்லையாம்! வாரண்டிச் சண்டை மொத்தமும் இந்த எடத்துலதான் நிக்குதுன்னு நான் நம்பறேன். கவுண்டர்ல எவ்ளோ சத்தம் போட்டாலும் அது காத்தோட போயிரும். அவங்க சொன்ன காரணம் எழுத்துல வந்துட்டா, அதை நாளைக்கு நிரூபிக்கற பொறுப்பும் அவங்க தலைலதான் விழும். அது அவங்களுக்கு நல்லாத் தெரியும், அதனாலதான் எழுத மாட்டேங்கறாங்க.

அவங்க எழுதலன்னா என்ன? நான் எழுதினேன். அன்னைக்கே ராத்திரி மெயில். டீலரோட சர்வீஸ் ஐடிக்கு, கம்பெனி கஸ்டமர் கேருக்கு காப்பி. ஏறக்குறைய இப்படி:

“இன்று மாலை நேரில் நீங்கள் சொன்னவை: 1) ஹை பிரஷர் பம்ப் பழுது. 2) காரணம் கலப்பட டீசல். 3) லேப் பரிசோதனை எதுவும் செய்யவில்லை. 4) அதனால் வாரண்டி மறுக்கப்படுகிறது. எழுத்தில் தர முடியாது என்றும் சொன்னீர்கள். இதில் எதுவும் தவறு என்றால் பதில் எழுதவும். பதில் இல்லையென்றால் இவை சரி என்றே எடுத்துக்கொள்கிறேன். காலை ஸ்டார்ட்டிங் பிரச்சினையை முன்பே வீடியோவுடன் தெரிவித்திருக்கிறேன், இணைத்துள்ளேன். என் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் எந்தப் பார்ட்டையும் வெளியே அனுப்பவோ, அப்புறப்படுத்தவோ கூடாது.”

வக்கீல் யாரும் எழுதித் தரல. கோவத்த அடக்கிக்கிட்டு, நடந்தத மட்டும் நம்பர் போட்டு எழுதினேன், அவ்ளோதான். மறுநாளே ஷோரூம்லேர்ந்து வந்த போன்ல குரல் மாறியிருந்துச்சு. “மேடம், மெயில்லாம் எதுக்கு, நேர்ல வாங்க பேசிக்கலாம்.” (மெயில்லயே பேசிக்கலாம்னு சொன்னேன்.)

இப்ப அந்தப் பம்ப் விஷயத்தக் கொஞ்சம் சொல்லணும். டீசல் கார் வச்சிருக்கறவங்க எல்லாரும் தெரிஞ்சுக்க வேண்டிய சமாச்சாரம்.

பாலக்கரைப் பக்கம் லாரிங்களுக்கு பம்ப், நாசில் வேலை பாக்கற அண்ணன் ஒருத்தரை எங்க மாமா மூலமா தெரியும். வாழ்க்கை முழுக்க இதே வேலை. அவர்கிட்ட போய் உக்காந்தேன்.

“தங்கச்சி, இந்தப் பம்புக்குத் தனியா ஆயில் கெடையாது. டீசல்தான் அதுக்கு ஆயிலு. டீசல்லயே வழுக்கிக்கிட்டு ஓடணும்”னாரு.

புதுசா வர்ற காமன் ரயில் இன்ஜின்கள்ல பிரஷர் 2,000 பார் வரைக்கும் போகுது. நம்ம கார் டயர்ல இருக்கறது சுமாரா 2.3 பார். அவ்ளோ அழுத்தத்துல உலோகமும் உலோகமும் உரசாம இருக்க நடுவுல டீசல் படலம் மட்டும்தான். 2020 ஏப்ரல் 1-லேர்ந்து நாடு முழுக்க பி.எஸ். 6 டீசல். கந்தகம் முன்னாடி 50 பி.பி.எம். இருந்தது 10-ஆ குறைஞ்சிருச்சு. காத்துக்கு நல்லது. ஆனா கந்தகத்த எடுக்கற அதே சுத்திகரிப்புல டீசலோட இயல்பான வழுவழுப்பும் போயிருது. அதுக்காக ரிஃபைனரில தனியா அடிட்டிவ் சேக்கறாங்க. அந்த வழுவழுப்ப அளக்க ஒரு டெஸ்டே இருக்கு. ஒரு குண்ட டீசல்ல முக்கி, தகட்டு மேல வச்சுத் தேய்ச்சுப் பாப்பாங்க. குண்டுல விழற தேய்மானத் தடம் 460 மைக்ரானத் தாண்டக் கூடாது.

அதாவது கலப்படமா இல்லையான்னு சொல்ல முறையான வழி இருக்கு. லேப் இருக்கு, அளவு இருக்கு. “பாத்தாலே தெரியுது” அதுல ஒண்ணு இல்ல.

அண்ணனை ஷோரூமுக்கே கூட்டிட்டுப் போனேன். கழட்டின டீசல் ஃபில்டரக் கேட்டேன். தர மாட்டோம்னாங்க. “வாரண்டி ரிஜெக்ட்னு சொல்லிட்டீங்கள்ல? அப்ப இது என் பொருள். வாரண்டில மாத்தினாதான் பழைய பார்ட் கம்பெனிக்கு. எது, சொல்லுங்க”ன்னேன். கொஞ்ச நேரம் உள்ள போய்ப் பேசிட்டு வந்து, எடுத்து வச்சாங்க.

அங்கேயே, ஒர்க்ஸ் மேனேஜர் முன்னாடி, நான் வீடியோ எடுக்க, அண்ணன் ஃபில்டர் கூட்ட ரம்பத்தால அறுத்தாரு. உள்ள மடிப்பு மடிப்பா இருக்கற காகிதத்த உருவி, தினசரிப் பேப்பர் மேல விரிச்சு, வெயில் படற மாதிரி வாசல் பக்கம் தள்ளி வச்சாரு. ஆள்காட்டி விரலால ஒரு மடிப்பத் தடவிக் காட்டினாரு. விரல் நுனி வெள்ளி ஜிகினா ஒட்டின மாதிரி மின்னுச்சு. அது பம்போட தூள். ரிட்டன் லைன் வழியா டேங்குக்குப் போய், திரும்ப ஃபில்டர்ல வந்து மாட்டியிருக்கு. அப்படின்னா பம்ப் ஒரே நாள்ல உடையல, ரொம்ப நாளா தேஞ்சுக்கிட்டிருந்திருக்கு. நான் வீடியோ அனுப்பின காலத்துலேர்ந்தே.

“தண்ணி கலந்திருந்தா கூட்டுக்குள்ள துருப் பிடிச்சிருக்கும், கொழகொழன்னு அழுக்கு தங்கியிருக்கும். ரெண்டும் இல்ல”ன்னாரு.

அடுத்து அவரு சொன்னதுக்காகவே அவர் மேல எனக்கு மரியாதை கூடுச்சு. “மண்ணெண்ணெய் கலந்திருந்தா கண்ணுக்குத் தெரியாதும்மா. அதனால டீசல் நல்ல டீசல்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா கெட்ட டீசல்னு இவங்களும் சொல்ல முடியாது. லேப்தான் சொல்லணும்.”

இவ்ளோதான் நேர்மை. இதைத்தான் நான் அந்த ஷோரூம்ல எதிர்பாத்தேன்.

அப்புறம் பங்க்குக்குப் போனேன். நான் போடறது எப்பவும் ஒரே பங்க்லதான், யூ.பி.ஐ.ல பணம் குடுக்கறதால தேதி வாரியா எல்லாம் இருந்துச்சு. அங்க மேனேஜர்கிட்ட விஷயத்தச் சொன்னதும் மனுஷன் சூடாயிட்டாரு. என் மேல இல்ல, ஷோரூம் மேல. “என் பங்க்கையா சொல்றான்?”னு டென்சிட்டி ரெஜிஸ்டரத் தூக்கிட்டு வந்துட்டாரு. தினமும் காலைல டீசலோட அடர்த்திய அளந்து எழுதி வைக்கறாங்க. லோடு வர்றப்ப இன்வாய்ஸ்ல ஒரு அடர்த்தி இருக்கும், பங்க்ல அளக்கறது அதுலேர்ந்து கன மீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல கூடக் குறைய இருக்கக் கூடாது. கண்ணாடி ஜார்ல டீசல் ஊத்தி, ஹைட்ரோமீட்டர மெதக்க விட்டு, டெம்பரேச்சர் பாத்து, அட்டவணைல சரி பண்ணி, என் முன்னாடியே அளந்து காட்டினாரு. நான் டீசல் போட்ட நாட்களோட பக்கங்கள போட்டோ எடுத்துக்கிட்டேன். டேங்கர் லாரில வர்ற ஒவ்வொரு லோடுலேர்ந்தும் சாம்பிள் எடுத்து சீல் போட்டு வைக்கறதும் உண்டு.

(இது யாரு வேணா கேக்கலாம், தெரியுமா? அடர்த்தி காட்டச் சொல்லலாம். 5 லிட்டர் அளவு ஜார்ல பிடிச்சு அளவு சரியான்னு பாக்கலாம். பெட்ரோலுக்கு ஃபில்டர் பேப்பர் டெஸ்ட் இருக்கு, ஒரு சொட்டு விட்டா கறை இல்லாமக் காயணும். கேக்கறவங்கள மொறைக்கற பங்க்கும் இருக்கு. கேளுங்க.)

இதுக்கு நடுவுல கம்பெனி டோல் ஃப்ரீ கூத்து. போன் பண்ணா “டீலர்கிட்ட பேசச் சொல்றோம்”. டீலரக் கேட்டா “கம்பெனி அப்ரூவல் தரல”. ஒருத்தர ஒருத்தர் காட்டிக்கிட்டே இருந்தாங்க. ஒரு நாள் மத்தியானம் எஸ்.எம்.எஸ். வருது: “உங்கள் புகார் தீர்க்கப்பட்டது.” அந்த நேரத்துல என் கார் பானெட் தெறந்தபடி, பம்ப் இல்லாம, லிஃப்ட் மேல நிக்குது. ஆபீஸ்ல எல்லார் முன்னாடியும் கண்ணுல தண்ணி வந்துருச்சு. கோவத்துலதான்.

இன்னொரு பக்கம் ஷோரூம்லேர்ந்து பார்க்கிங் சார்ஜ் மெசேஜ். வண்டிய எடுக்கலன்னா நாளைக்கு இவ்ளோன்னு. நெறைய பேரு இந்த எடத்துலதான் உடைஞ்சு போறாங்க. “வாரண்டி தகராறு நிலுவையில் உள்ளது; வண்டி உங்களிடம் நிற்பது உங்கள் மறுப்பினால்; இந்தக் கட்டணத்தை ஏற்கவில்லை”ன்னு ஒரே பதில், ஒவ்வொரு மெசேஜுக்கும் போட்டேன். கடைசி வரைக்கும் அந்தக் காச அவங்க வாங்கல.

ஏன் இப்படிப் பண்றாங்க? எங்க சொந்தத்துல ஒருத்தர் வேறொரு டீலர்கிட்ட ஒர்க்ஸ் மேனேஜரா இருந்து ரிடையர் ஆனவரு. அவர்கிட்ட கேட்டேன். வாரண்டி வேலைக்குக் கம்பெனி டீலருக்குத் தர்ற லேபர் கம்மி, காசு கட்டற கஸ்டமர்கிட்டதான் லாபம். அதோட, டீலர் போடற வாரண்டி கிளைம கம்பெனி பின்னாடி ஆடிட் பண்ணும். “இது அப்ரூவ் பண்ணிருக்கக் கூடாது”ன்னு சொல்லி பணத்தத் திரும்பப் பிடிச்சுக்கும். அதனால பெரிய கிளைம்னாலே டீலருக்குப் பயம், மொதல்ல மறுத்துப் பாப்பாங்க. மறுத்தா முக்காவாசிப் பேரு போயிருவாங்க. அட்வைசர் தம்பிங்களுக்கோ மாசா மாசம் பில்லிங் டார்கெட்.

அந்தத் தம்பி மேல எனக்குப் பெருசா கோவம் இல்ல. ஆனா கம்பெனிக்கும் டீலருக்கும் நடுவுல இருக்கற கணக்குத் தகராறுக்கு நான் எதுக்கு 2.4 லட்சம் கட்டணும்?

சட்டம் பக்கம் வரேன். நான் வக்கீல் இல்ல. எங்க ஆபீஸ்ல ஒருத்தரோட தங்கச்சி வக்கீல், அந்தப் பொண்ணு பொறுமையா உக்காந்து சொல்லிக் குடுத்துச்சு. மொதல்ல 1915-க்குப் போன் பண்ணச் சொல்லுச்சு. மத்திய அரசோட நுகர்வோர் ஹெல்ப்லைன், தமிழ்லயும் பேசலாம். அங்க பதிவானா கம்பெனிக்குப் போகும், ஒரு நம்பர் கிடைக்கும். அது தீர்ப்பு சொல்ற எடம் இல்ல, ஆனா கம்பெனில டோல் ஃப்ரீய விட மேல இருக்கற ஆளு பதில் எழுத வேண்டி வருது.

அதுலயும் நடக்கலன்னா மாவட்டக் கமிஷன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலைலேர்ந்து அமல்ல இருக்கு. பழைய சட்டத்துல எதிர்த்தரப்பு இருக்கற எடத்துல, இல்லேன்னா பிரச்சினை நடந்த எடத்துல கேஸ் போடணும். இப்ப நாம குடியிருக்கற ஊர்லயே போடலாம். நாம குடுத்த விலை 50 லட்சம் வரைக்கும் மாவட்டக் கமிஷன்லயே முடியும். ஃபீஸ் எவ்ளோங்கறீங்க? விலை 5 லட்சம் வரைக்கும் ஒண்ணுமே கிடையாது. 10 லட்சம் வரைக்கும் 200 ரூபா. 20 லட்சம் வரைக்கும் 400 ரூபா. வக்கீல் கட்டாயம் இல்ல, நாமளே பேசலாம். பிரச்சினை வந்து 2 வருஷத்துக்குள்ள போடணும். பொருள்ல குறைபாடு இருக்கான்னு பாக்க கமிஷனே லேபுக்கு அனுப்பலாம், அதுக்கும் சட்டத்துல வழி இருக்கு. சட்டப்படி 3 மாசம், லேப் டெஸ்ட்னா 5 மாசத்துல முடிக்கப் பாக்கணும். நடைமுறைல இழுக்கும், அதுவும் உண்மை.

அந்தப் பொண்ணு அழுத்திச் சொன்னது ரெண்டு விஷயம்.

ஒண்ணு, கேஸோ நோட்டீஸோ, டீலர், கம்பெனி ரெண்டு பேரையும் சேக்கணும். ரெண்டு பேருக்கும் நடுவுல உள்ள ஒப்பந்தத்துல டீலர் தனி வியாபாரி. கோவால ஒருத்தருக்கு 2011 மாடல்னு காசு வாங்கிட்டு 2009-ல தயாரான காரக் குடுத்துட்டாரு டீலர். கேஸ் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. 2021-ல கோர்ட் சொன்னது, டீலர் பண்ணின தப்புக்கு, கம்பெனிக்குப் பங்கு இருக்குன்னு காட்டாம கம்பெனியப் பொறுப்பாக்க முடியாதுன்னு. அதனால யாரு என்ன பண்ணாங்கன்னு தனித்தனியா எழுதணும். வாரண்டி குடுத்தது கம்பெனி. என் புகார பதிவு பண்ணாம விட்டது டீலர்.

ரெண்டாவது, “புதுக் கார் குடு”ன்னு கேக்காதீங்க அக்கான்னுச்சு. வாரண்டில பார்ட் மாத்தித் தருவோம்னு எழுதியிருந்தா பார்ட்தான் கேக்க முடியும், காரயே மாத்தச் சொல்ல முடியாதுன்னு 2006-லயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. அமெரிக்கால திரும்பத் திரும்ப ரிப்பேர் ஆகற காருக்கு லெமன் லான்னு தனிச் சட்டம் இருக்கு, கம்பெனி காரத் திரும்ப எடுத்துக்கணும். நம்ம ஊர்ல அப்படி ஒண்ணு இன்னும் வரல. வரணும்ங்கறது என் ஆசை.

நோட்டீஸ் போச்சு. கூடவே நான் சேத்து வச்ச எல்லாம் போச்சு: வீடியோ, வாட்ஸாப், பதில் வராத மெயில், ஃபில்டர் அறுத்த வீடியோ, பங்க் ரெஜிஸ்டர் போட்டோ, யூ.பி.ஐ. பட்டியல், “தீர்க்கப்பட்டது” எஸ்.எம்.எஸ்.

அதுக்கப்புறம்தான் கம்பெனிலேர்ந்து ஏரியா இன்ஜினியர் வந்தாரு. பிரிச்சுப் பாக்கறப்ப நான் கூட இருக்கணும்னு முன்னாடியே மெயில்ல கேட்டிருந்தேன், ஒத்துக்கிட்டாங்க. அவரு மொதல்ல அந்த பாட்டிலப் பாத்தாரு. யாரு எடுத்ததுன்னு கேட்டாரு. பதில் இல்ல. “இத வச்சு என்னால ரிப்போர்ட் எழுத முடியாது”ன்னு டீலர் ஆளுங்ககிட்டயே சொல்லிட்டாரு. பம்பப் பிரிச்சு, சீரியல் நம்பர போட்டோ எடுத்து, பழைய ஜாப் கார்டையெல்லாம் கம்ப்யூட்டர்ல பாத்தாரு. என் வாட்ஸாப் வீடியோவ ரெண்டு தடவை ஓட்டிப் பாத்தாரு. அதிகமா பேசல, மரியாதையா நடந்துக்கிட்டாரு. சாரு எங்கன்னும் கேக்கல.

மொதல்ல வந்த ஆஃபர்: பாதி நாங்க, பாதி நீங்க. குட்வில்லாம். கேக்கும்போது மனசு தடுமாறும். அத்தன நாளா பஸ்லயும் வாடகைக் கார்லயும் அலைஞ்சிருக்கோம், முடிஞ்சா போதும்னு இருக்கும். வீட்லயும் “விட்ரு”ன்னாங்க. நான் ஒரே கேள்விதான் எழுதினேன்: டீசல் கலப்படம்னு நிரூபிச்சா நான் முழுசும் கட்டறேன், நிரூபிக்க முடியலன்னா பாதி மட்டும் எதுக்குக் கட்டணும்?

அதுக்கு பதில் வரல. அப்ரூவல் வந்துச்சு. பம்ப், ரயில், நாலு இன்ஜெக்டர், பைப்பு எல்லாம் புதுசு, டேங்க் கழுவி. என் பங்கு பூஜ்யம்.

வண்டி எடுக்கற அன்னைக்கு ஒரு பேப்பர நீட்டினாங்க. வேலை திருப்தியா இருக்கு, இது சம்பந்தமா எனக்கு எந்த உரிமைக் கோரலும் இல்ல, எந்த அமைப்புக்கும் போக மாட்டேன்னு. கேட் பாஸ் வேணும்னா கையெழுத்து போடணும்னாங்க. “வண்டியை வாரண்டியில் சரிசெய்து பெற்றுக்கொண்டேன். மற்ற கோரிக்கைகள் நிலுவையில் உள்ளன”ன்னு என் கையால எழுதி, அதுக்குக் கீழதான் கையெழுத்து போட்டேன். போட்டோவும் எடுத்துக்கிட்டேன். கேட் பாஸ் வந்துச்சு.

நிலுவைல இருக்கறது வாடகைக் கார் செலவும், முன்னாடி என் புகாரக் கேட்டுட்டு வெறும் கிளீனர ஊத்தி வாங்கின காசும், அலைக்கழிச்சதுக்கு இழப்பீடும். அது திருச்சி மாவட்டக் கமிஷன்ல நடந்துக்கிட்டிருக்கு. தொகை பெருசு இல்ல. கம்ப்ளெய்ண்ட்ட ஜாப் கார்டுல ஏத்தாம விட்டது தப்புன்னு ஒரு உத்தரவுல வரணும், எனக்கு அது வேணும்.

ஜாப் கார்டப் பத்தி இன்னும் ரெண்டு வரி. சர்வீஸுக்கு விடும்போது அவங்க டேப்ல டைப் பண்றத எட்டிப் பாருங்க. நீங்க சொன்ன வார்த்தையே வரணும். “காலையில் ஸ்டார்ட் ஆக நேரம் எடுக்கிறது, சூடான பின் சரியாகிறது”ன்னா அதேதான். “ஜெனரல் செக்கப்”னு போட்டா கையெழுத்து போடாதீங்க. வாரண்டி முடியறதுக்கு முன்னாடி ஒரு தடவை எழுத்துல ஏறிட்டா, வாரண்டி முடிஞ்சப்புறம் பெருசா வெடிச்சாலும் “இது அப்பவே சொன்ன பிரச்சினை”ன்னு நிக்கறதுக்கு ஒரு பிடி இருக்கும்.

இப்ப எங்க ஆபீஸ்லயே அடுத்த கேஸ் வந்திருக்கு. கூட வேலை பாக்கற அண்ணன் ஒருத்தர் வெளிக்கடைல ரிவர்ஸ் கேமரா போட்டிருக்காரு. ஏ.சி. கம்ப்ரஸர் போயிருச்சு. “வெளிய கை வச்சுட்டீங்க சார், மொத்த வாரண்டியும் போச்சு”ன்னுட்டாங்களாம். கேமராவுக்கும் கம்ப்ரஸருக்கும் என்ன சம்பந்தம்னு சொல்ல ஆளில்ல. 2014-ல இந்தியப் போட்டி ஆணையம், ஸ்பேர் பார்ட்ஸ் விஷயத்துல 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தமா 2,500 கோடிக்கு மேல அபராதம் போட்டுச்சே, அந்த உத்தரவுலயே இது வருது. வெளிய ரிப்பேர் பண்ணாங்கங்கற ஒரே காரணத்துக்காக மொத்தமா வாரண்டிய ரத்து பண்ற கண்டிஷன் வைக்கக் கூடாது, வெளில பாத்த தப்பான வேலையால சேதம் வந்திருந்தா அந்த அளவுக்கு மட்டும் மறுக்கலாம்னு. (மூணு கம்பெனிங்க அப்பீல்ல போய், 2016-ல அபராதத்தக் கணக்கிடற முறை மாறி, தொகை குறைஞ்சுது. தப்பு தப்புதான்னு அங்கயும் சொன்னாங்க.) மத்திய அரசு 2022 டிசம்பர்ல ரைட் டு ரிப்பேர்னு ஒரு தளமும் தொடங்கியிருக்கு. கார் கம்பெனிகளோட வாரண்டி விவரம், சர்வீஸ் விவரமெல்லாம் ஒரே எடத்துல கிடைக்கணும்னு.

அண்ணனுக்கு மெயில் டிராஃப்ட் பண்ணிக் குடுத்துட்டேன். நம்பர் போட்டு, நடந்தது மட்டும். கேமராவால கம்ப்ரஸர் எப்படிப் போச்சுன்னு எழுத்துல கேட்டிருக்கு. சனிக்கிழமை அவரு ஷோரூம் போறாரு, நானும் கூடப் போறேன்.